இணையத்தில் இயங்கும் தரவுத்தளச் செயலிக்குச் சேவையக அனுமதிகளை அமைத்தல்: புதியவர்களுக்குப் படிப்படியாக

திருகோணமலை நிலாவெளி வீதியோரம் இருக்கும் ஒரு கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்துக்காக, உறுப்பினர் பதிவேட்டையும் மீன் கொள்வனவுக் கணக்கையும் இணையத்தின் ஊடாகப் பதியும் செயலி ஒன்றை நான் தனியாளாக எழுதினேன். எழுதி முடிக்க இரண்டு மாதம் சென்றது. அதை ஒரு வாடகைச் சேவையகத்தில் ஏற்றி, யார் எதைத் தொடலாம் என்று அனுமதிகளை அமைப்பதற்கு அதைவிடக் கூடிய பாடுபட்டேன். நடுவில் ஒரு நாள், சோதிப்பதற்கு மட்டும் என்று தரவுத்தளத்தை எல்லா முகவரிகளுக்கும் திறந்துவிட்டு மறந்துபோனேன். இரண்டாம் நாள் பார்க்கும்போது அட்டவணைகள் அனைத்தும் அழிந்து, பிட்கொயின் கேட்டு எழுதிய ஒரேயோர் அட்டவணை மட்டும் இருந்தது. கையில் இருந்த காப்புப்பிரதி 11 நாள் பழையது. அந்த 11 நாள் கணக்கையும் சங்கத்தின் லிகிதர் அக்காவும் நானும் பற்றுச்சீட்டுப் புத்தகத்தின் காபன் பிரதிகளைப் பார்த்துத் திரும்பப் பதிந்தோம். மீன் ஈரம் பட்டு ஊறிய தாளில் 3 எது, 8 எது என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த அந்த மூன்று இரவுகள் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

உபுண்டு இயங்குதளம், என்ஜின்எக்ஸ் வலைச் சேவை, பிஎச்பி நிரல்மொழி, மைஎஸ்கியூஎல் 8 தரவுத்தளம் ஆகியவற்றை வைத்தே விளக்குகிறேன். வேறு தரவுத்தளம் பாவிப்பவர்களுக்கும் ஒழுங்குமுறை பெரும்பாலும் பொருந்தும். கட்டளைகளின் பெயர்களை ஒலிப்பின்படி தமிழில் தருகிறேன். அடிக்கும்போது ஆங்கில எழுத்தில், சிறிய எழுத்து பெரிய எழுத்து வித்தியாசம் பார்த்து அடியுங்கள்.

1. கணினியைத் தொடுமுன் ஒரு தாள்

ஒரு கொப்பித் தாளை எடுத்து, இடப்பக்கம் செயலியைத் தொடும் ஆட்களையும் நிரல்களையும் எழுதுங்கள். மேலே அட்டவணைகளின் பெயர்களை எழுதுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் வாசித்தல், சேர்த்தல், திருத்தல், அழித்தல் ஆகிய நான்கில் எவை உண்மையாகத் தேவை என்பதை மட்டும் குறியுங்கள். எங்கள் சங்கத்தில் இடப்பக்கம் ஐந்து வரிகள் வந்தன: வலைச் செயலி, பொருளாளரின் அறிக்கை, இரவுக் காப்புப்பிரதி, அட்டவணை அமைப்பை மாற்றும் நான், எல்லா அதிகாரமும் உள்ள, அவசரத்துக்கு மட்டும் உரிய ரூட் கணக்கு.

இந்தத் தாளை நிரப்பும்போது, சங்கத்து ஆட்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கொள்வனவுப் பதிவை யார் அழிக்கலாம் என்று நான் கேட்டபோது பொருளாளர், "தம்பி, கணக்குப் புத்தகத்தில வெட்டி எழுதுறதே இல்லை, பிழைத்தால் எதிர்ப்பதிவு போடுவம்" என்றார். அந்த ஒரு வசனத்தால் கொள்வனவு அட்டவணையில் அழித்தல் அனுமதியும் திருத்தல் அனுமதியும் யாருக்கும் தேவையில்லை என்பது தெளிவாயிற்று. நான் தனியே இருந்து யோசித்திருந்தால் நான்கையும் கொடுத்திருப்பேன்.

2. செலவு, ஆவணம், நேரம்

சிறிய வாடகைச் சேவையகத்துக்கு நான் மாதம் 5 முதல் 6 அமெரிக்க டொலர் கட்டுகிறேன். ரூபாவில் ஏறத்தாழ 1500 இலிருந்து 2000 வரை. சேவையகம் முழுவதையும் படமெடுத்து வைக்கும் வசதிக்கு அதே நிறுவனம் வாடகையில் ஐந்தில் ஒரு பங்கை மேலதிகமாக எடுக்கிறது. அதை மிச்சம் பிடிக்க வேண்டாம். வங்கி அட்டையில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு முடக்கப்பட்டிருக்கலாம் என்பதால், அதைத் திறந்து தரும்படி வங்கியிடம் முன்கூட்டியே கேளுங்கள். தளப் பெயருக்கு வருடாந்தக் கட்டணம் தனி. அட்டையும் தளப் பெயரும் உங்கள் சொந்தப் பெயரில் இருந்தால், நீங்கள் விலகும் நாளில் சங்கம் அந்தரித்துப் போகும்; இரண்டையும் நிறுவனத்தின் பெயரிலேயே எடுப்பியுங்கள்.

ஆவணங்களாக மூன்று போதும்: மேலே சொன்ன அனுமதித் தாள், நிருவாகக் கணக்கு யார் யாரிடம் இருக்கும் என்று தலைவர் ஒப்பமிட்ட கடிதம், மாற்றங்களைத் திகதியோடு குறிக்கும் ஒரு கொப்பி. உறுப்பினர்களின் அடையாள அட்டை இலக்கத்தையும் கடன் விபரத்தையும் வைத்திருக்கிறீர்கள் என்றால், 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது என்பதையும் நிருவாக சபைக்குச் சொல்லிவையுங்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை, முதல் தடவை இரண்டு முழு நாட்களை ஒதுக்குங்கள். விடியற்காலையில் வள்ளங்கள் கரைக்கு வந்து மீன் நிறுக்கும் நேரத்தில் எந்த அனுமதியையும் மாற்றாதீர்கள். கடல் கொந்தளித்துத் தொழில் குறையும் வாடைக்காலம் எங்களுக்கு வசதியாக இருந்தது. மின்வெட்டோ இணையத் துண்டிப்போ வந்தால் பாதிக் கட்டளையில் நின்றுபோகாமலிருக்க, சேவையகத்துக்குள் டிமக்ஸ் என்ற நிரலைத் திறந்து அதற்குள்ளேயே வேலை செய்யுங்கள். இணைப்பு அறுந்தாலும் உங்கள் அமர்வு அங்கே ஓடிக்கொண்டிருக்கும்.

3. சேவையகத்துக்குள் நுழையும் அனுமதி

ரூட் கணக்கில் நேரடியாக நுழைந்து வேலை செய்யும் பழக்கத்தை முதல் நாளே விட்டுவிடுங்கள். உங்களுக்கென்று ஒரு சாதாரண கணக்கை உருவாக்கி, தேவைப்படும்போது மட்டும் சூடோ மூலம் மேலதிகாரம் பெறுங்கள். சேவையகத்துக்குள் தொலைவிலிருந்து பாதுகாப்பாக நுழையும் வழிதான் எஸ்எஸ்எச்; அதில் கடவுச்சொல்லுக்குப் பதிலாகச் சாவிக் கோப்பைப் பாவியுங்கள். உங்கள் கணினியில் இருக்கும் அந்தரங்கச் சாவிக் கோப்பின் அனுமதி 600 ஆக இருக்க வேண்டும். அதைவிடத் தளர்வாக இருந்தால் எஸ்எஸ்எச் எச்சரித்துவிட்டு அந்தச் சாவியைப் பாவிக்கவே மறுக்கும். சேவையகத்தில் சாவிகள் இருக்கும் கோப்புறைக்கு 700, அதற்குள் இருக்கும் பட்டியல் கோப்புக்கு 600.

இந்த இடத்தில் மூன்று பொறிகள் உண்டு. தீச்சுவரை (வெளியிலிருந்து வரும் இணைப்புகளை வடிகட்டும் நிரல்) இயக்குமுன் 22 ஆம் போர்ட்டை (எஸ்எஸ்எச் நுழையும் வாசல் இலக்கம்) அனுமதிக்க மறந்தால், இயக்கிய பிறகு நீங்களே வெளியே நிற்பீர்கள். அடுத்து, கடவுச்சொல் நுழைவை நிறுத்தியதும் இருக்கும் சாளரத்தை மூடிவிடாதீர்கள். இரண்டாவது சாளரத்தில் சாவியால் நுழைந்து பார்த்த பின்பே முதலாவதை மூடுங்கள். மூன்றாவது கொஞ்சம் நுட்பமானது: பிரதான அமைவுக் கோப்பில் கடவுச்சொல் நுழைவை நிறுத்தியும் அது திறந்தே கிடக்கலாம். வாடகைச் சேவையகங்களின் உபுண்டுவில், துணைக் கோப்புறை ஒன்றுக்குள் 50 என்று தொடங்கும் பெயருடைய கோப்பு அதே அமைவுக்கு "ஆம்" என்று எழுதியிருக்கலாம். முதலில் வாசிக்கப்படும் பெறுமதியே நிலைக்கும் என்பதால் உங்கள் "இல்லை" எடுபடாது. எஸ்எஸ்எச்டி கட்டளையைப் பெரிய டி என்ற தெரிவோடு ஓட்டினால், நடைமுறையில் இருக்கும் அமைவைக் காட்டும். கோப்பை நம்பாமல் அதைப் பாருங்கள்.

4. கோப்புகளும் கோப்புறைகளும்

அனுமதி எண்ணில் வாசிக்க 4, எழுத 2, இயக்க 1. மூன்று இலக்கங்களும் முறையே உரிமையாளர், குழு, மற்றவர்கள். கோப்புறையைப் பொறுத்தவரை "இயக்க" என்பது உள்ளே கடந்துசெல்லும் உரிமை. இதை விளங்கிக்கொள்ளாமல், எல்லாவற்றுக்கும் ஒரே தடவையில் 644 போட்டால், கோப்புறைகளின் கடக்கும் உரிமை போய் முழுத் தளமும் 403 என்று மறுக்கும். அனுமதியை மாற்றும் சிஎச்மொட் கட்டளையில், இயக்க உரிமையைக் குறிக்கும் சிறிய எக்ஸுக்குப் பதிலாகப் பெரிய எக்ஸை எழுதினால், அது கோப்புறைகளுக்கும் ஏற்கனவே இயக்க உரிமை உள்ள கோப்புகளுக்கும் மட்டும் அந்த உரிமையைத் தரும்.

நான் இப்போது பின்பற்றும் முறை இது. நிரல் கோப்புகளின் உரிமையாளர் என் சாதாரண கணக்கு. குழு, வலைச் சேவை இயங்கும் கணக்கின் குழு. கோப்புறைகளுக்கு 750, கோப்புகளுக்கு 640. இதனால் வலைச் சேவை நிரலை வாசிக்கும், ஆனால் மாற்றாது. செயலியில் ஓட்டை இருந்து ஒருவர் உள்ளே வந்தாலும் நிரலை மாற்றி எழுத முடியாது. உறுப்பினர்களின் படங்கள் வந்து சேரும் கோப்புறைக்கு மட்டும் 770. அந்தக் கோப்புறைக்குள் வந்து விழும் எந்தக் கோப்பையும் பிஎச்பி நிரலாக ஓட்டக்கூடாது என்று என்ஜின்எக்ஸ் அமைவிலும் எழுதிவிடுங்கள். எழுதும் உரிமையும் ஓட்டும் உரிமையும் ஒரே இடத்தில் சேர்வதுதான் ஆபத்து. தரவுத்தளக் கடவுச்சொல் இருக்கும் அமைவுக் கோப்பை, உலாவியால் எட்ட முடியாதபடி வலைக் கோப்புறைக்கு வெளியே ஒரு படி மேலே வையுங்கள்.

இணையத்தில் தேடினால் 777 போடுங்கள் என்று பத்துப் பேர் சொல்வார்கள். அது பிழையைத் தீர்ப்பதில்லை. எங்கே பிழை என்று தேடும் வேலையை மட்டும் நிறுத்துகிறது. "அனுமதி மறுக்கப்பட்டது" என்று வந்தால், நேம்ஐ என்ற கட்டளையை எல் தெரிவோடு, அந்தக் கோப்பின் முழுப் பாதையையும் கொடுத்து ஓட்டுங்கள். மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு கோப்புறையின் உரிமையாளரையும் அனுமதியையும் வரிவரியாகக் காட்டும்; எந்தப் படியில் தடக்குகிறது என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். எனக்குத் தடக்கியது என் சொந்தக் கோப்புறையிலேயே. உபுண்டு 21.04 இலிருந்து புதிய கணக்குகளின் ஹோம் கோப்புறை 750 ஆகவே உருவாகிறது. அதற்குள் தளத்தை வைத்தால் வலைச் சேவை வாசலிலேயே நின்றுவிடும். ஹோமைத் திறக்க வேண்டாம், தளத்தை வலைத்தளங்களுக்குரிய பொதுவான இடத்துக்கு நகர்த்துங்கள்.

5. தரவுத்தளக் கணக்குகள்

முதலில், தரவுத்தளம் எந்த முகவரியில் காது கொடுத்துக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். எஸ்எஸ் என்ற கட்டளை, திறந்திருக்கும் போர்ட்டுகளைப் பட்டியலிடும். 3306 க்கும் 33060 க்கும் முன்னால் 127.0.0.1 என்று இருந்தால், அதே இயந்திரத்திலிருந்து வரும் இணைப்புகளை மட்டும் ஏற்கிறது என்று பொருள். செயலியும் தரவுத்தளமும் ஒரே சேவையகத்தில் இருக்கும்வரை அதுவே போதும். 0.0.0.0 அல்லது நட்சத்திரக் குறி இருந்தால், எல்லா முகவரிகளையும் நோக்கித் திறந்திருக்கிறது. எனக்கு நடந்தது இதுதான்.

பிறகு தாளில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் ஒரு கணக்கு. மைஎஸ்கியூஎல் கணக்கென்பது பெயர் மட்டுமல்ல; பெயரும், அது எங்கிருந்து வருகிறது என்பதும் சேர்ந்ததே கணக்கு. ஒரே பெயர் லோக்கல்ஹோஸ்டிலிருந்து (அதாவது அதே இயந்திரத்திலிருந்து) ஒன்றும், எங்கிருந்தும் என்று பொருள்படும் சதவீதக் குறியோடு ஒன்றும் இருந்தால், அவை இரண்டு வெவ்வேறு கணக்குகள். கடவுச்சொல்லும் அனுமதியும் வேறு வேறாக இருக்கும். ஒன்றுக்குக் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு மற்றதால் நுழைய முயன்று, 1045 என்ற பிழையோடு அரை நாள் மல்லுக்கட்டியிருக்கிறேன். சதவீதக் குறியோடு எந்தக் கணக்கையும் வைத்திருக்காதீர்கள்.

வலைச் செயலியின் கணக்குக்கு அனுமதி கொடுக்கும்போது, தரவுத்தளம் முழுவதற்கும் ஒரேயடியாகக் கொடுப்பதா, அட்டவணை அட்டவணையாகக் கொடுப்பதா என்ற கேள்வி வரும். பெரும்பாலான வழிகாட்டிகள் முன்னதையே சொல்கின்றன, அது இலகு. ஆனால் தரவுத்தளம் முழுவதற்கும் அழித்தல் அனுமதியைக் கொடுத்துவிட்டு, கொள்வனவு அட்டவணைக்கு மட்டும் ரிவோக் கட்டளையால் திருப்பி எடுக்க முடியாது. அப்படி ஓர் அனுமதி கொடுக்கப்படவேயில்லை என்று மைஎஸ்கியூஎல் பிழை காட்டும். தரவுத்தள மட்டத்தில் கொடுத்ததை அட்டவணை மட்டத்தில் குறைக்க வழியில்லை. ஆகவே தரவுத்தளம் முழுவதற்கும் செலக்ட் (வாசித்தல்) மட்டும் கொடுத்தேன். உறுப்பினர் அட்டவணைக்கு இன்சர்ட் (சேர்த்தல்), அப்டேட் (திருத்தல்). கொள்வனவு அட்டவணைக்கு இன்சர்ட் மட்டும். தற்காலிக அமர்வு அட்டவணைக்கு டிலீட்டும் (அழித்தல்) சேர்த்து. இப்போது செயலியின் கணக்கைக் கைப்பற்றுபவர்கூட கொள்வனவுப் பதிவு ஒன்றைக் கிலோவில் ஒரு புள்ளி மாற்ற முடியாது; எதிர்ப்பதிவு ஒன்றைச் சேர்க்க மட்டுமே முடியும், அதுவும் கண்ணில் படும்.

பெயரில் ஒரு சின்னக் கண்ணி இருக்கிறது. தரவுத்தளத்தின் பெயரில் அடிக்கோடு இருந்தால், தரவுத்தள மட்டத்தில் அனுமதி கொடுக்கும் கிராண்ட் கட்டளையில் அது "இந்த இடத்தில் எந்த ஓர் எழுத்தும்" என்று எடுத்துக்கொள்ளப்படும். அதற்கு முன்னால் பின்சாய்வுக் கோடு போடுங்கள், அல்லது பெயரில் அடிக்கோட்டையே தவிருங்கள்.

பொருளாளருக்கு மாதாந்த மொத்தங்கள் தேவை. உறுப்பினரின் அடையாள அட்டை இலக்கம் தேவையில்லை. அதனால் தேவையான நெடுவரிசைகளை மட்டும் காட்டும் வியூ (அட்டவணை போலவே வாசிக்கக்கூடிய, சேமித்து வைத்த வினவல்) ஒன்றை உருவாக்கி, அவருடைய கணக்குக்கு அந்த வியூவில் மட்டும் செலக்ட் கொடுத்தேன். வியூ, அதை உருவாக்கியவரின் உரிமையோடு ஓடும்படி இருப்பதே இயல்பான அமைவு என்பதால், அடியில் இருக்கும் அட்டவணைக்கு அவருக்கு அனுமதி எதுவும் வேண்டியதில்லை.

அட்டவணை அமைப்பை மாற்றும் உரிமைகளைத் தனியொரு கணக்கில் வைத்து, புதிய பதிப்பு ஏற்றும் நாளில் மட்டும் பாவியுங்கள். சேவையகத்தின் கோப்புகளை வாசிக்கவும் எழுதவும் இடம் தரும் ஃபைல் என்ற அனுமதியையும், தன் அனுமதியைப் பிறருக்குக் கொடுக்க இடம் தரும் கிராண்ட் ஆப்ஷனையும் செயலிக்கு ஒருபோதும் கொடுக்காதீர்கள். எல்லாம் முடிந்ததும் ஷோ கிராண்ட்ஸ் கட்டளையால் ஒவ்வொரு கணக்கின் அனுமதிகளையும் பட்டியலெடுத்துத் தாளோடு ஒப்பிடுங்கள். கிராண்ட் செய்த பின் ஃப்ளஷ் (அனுமதிகளை மீள ஏற்றும் கட்டளை) செய்ய வேண்டும் என்று பலர் எழுதுவார்கள், அது தேவையில்லை. ஆனால் அனைத்துத் தரவுத்தளங்களுக்கும் உரிய பொது அனுமதியை மாற்றினால், ஏற்கனவே திறந்திருக்கும் இணைப்புகளுக்கு அது எட்டாது. செயலியை மீள இயக்கிவிட்டுச் சோதியுங்கள்.

6. வெளியிலிருந்து இணைய வேண்டி வந்தால்

உங்கள் வீட்டு இணைய முகவரியை மட்டும் தீச்சுவரில் அனுமதித்தால் போதும் என்று தோன்றும். இங்கே வீட்டு ரௌட்டரை அணைத்துப் போட்டால் பெரும்பாலும் முகவரி மாறிவிடும். கைத்தொலைபேசி இணைப்பிலோ ஒரே முகவரியைப் பலர் பகிர்ந்துகொள்கிறார்கள். முகவரி மாறி இணைய முடியாமல் போன ஒரு மாலைப்பொழுதில்தான் நான் எல்லோருக்கும் திறந்துவிட்டேன். அதற்குப் பதிலாக எஸ்எஸ்எச் சுரங்கம் அமையுங்கள்: உங்கள் கணினியின் 3307 ஆம் போர்ட்டைச் சேவையகத்தின் 127.0.0.1 இல் உள்ள 3306 உடன் ஒரே கட்டளையில் இணைக்கலாம். வெளியே திறந்திருப்பது 22, வலைத்தளத்துக்குரிய 80, 443 ஆகிய மூன்று போர்ட்டுகள் மட்டுமே.

டொக்கரில் (நிரல்களைத் தனித்தனிக் கொள்கலன்களாக ஓட்டும் கருவி) தரவுத்தளத்தை ஓட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை: டொக்கர் வெளியிடும் போர்ட்டுகள், உபுண்டுவின் யூஎஃப்டபிள்யூ தீச்சுவர் விதிகளைக் கடந்து திறந்துவிடும். போர்ட்டை வெளியிடும் வரியில் 127.0.0.1 ஐ முன்னால் எழுதுங்கள்.

7. சான்றிதழ்

உலாவிக்கும் சேவையகத்துக்கும் இடையிலான தொடர்பை மறையாக்க ஒரு சான்றிதழ் வேண்டும்; லெட்ஸ் என்கிரிப்ட் தரும் சான்றிதழ் இலவசம். நான் எடுப்பது 90 நாள் செல்லுபடியாகிறது. சேர்ட்பொட் என்ற நிரல் அதைத் தானே புதுப்பிக்கும். 443 இருக்கிறதே என்று 80 ஆம் போர்ட்டை மூடிவிட்டால், வழமையான சரிபார்ப்பு முறையில் புதுப்பித்தல் தோல்வியடையும்.

8. காப்புப்பிரதியின் அனுமதி

இரவுப் பிரதி எடுக்கும் கணக்குக்கு செலக்ட், ஷோ வியூ, டிரிகர் ஆகிய அனுமதிகள் போதும். பிரதியை ஒரே பரிமாற்றமாக எடுக்கும் தெரிவைப் பாவிக்காவிட்டால் லொக் டேபிள்ஸும் வேண்டும். மைஎஸ்கியூஎல் 8.0.21 பதிப்பிலிருந்து பிராசெஸ் அனுமதி இல்லை என்று பிழை காட்டினால், அனுமதியைக் கூட்டாமல் டேபிள்ஸ்பேஸ் விபரத்தைத் தவிர்க்கும் தெரிவைச் சேருங்கள். கடவுச்சொல்லைக் கட்டளை வரியில் எழுதாமல், 600 அனுமதியுள்ள அமைவுக் கோப்பில் வையுங்கள்.

பலரும் கவனிக்காதது, வெளிவரும் பிரதியின் அனுமதி. வழமையான அமைவில் அது 644 ஆக, சேவையகத்தில் கணக்குள்ள எவரும் வாசிக்கக்கூடியதாகப் பிறக்கும். உள்ளே கவனமாக மறைத்த அடையாள அட்டை இலக்கங்கள் எல்லாம் வெளியே ஒரே கோப்பில் கிடக்கும். பிரதி எடுக்கும் நிரலின் முதல் வரியில் யூமாஸ்க்கை (புதிய கோப்புகளுக்கு எந்த அனுமதிகளைத் தரக்கூடாது என்று சொல்லும் அமைவு) 077 ஆக்குங்கள். பிரதிகளை வலைக் கோப்புறைக்குள் வைக்கவே வேண்டாம். ஒன்றையாவது வேறொரு இடத்துக்கு அனுப்புங்கள்.

9. மறுக்கப்பட வேண்டியவை மறுக்கப்படுகின்றனவா?

செயலி ஓடுகிறது என்பதோடு நின்றுவிடாமல், நடக்கக்கூடாதவற்றைச் செய்து பாருங்கள். செயலியின் கணக்கால் நுழைந்து, சோதனைத் தரவில் ஒரு கொள்வனவுப் பதிவை அழிக்க முயலுங்கள். 1142 என்ற மறுப்பு வர வேண்டும். கைத்தொலைபேசி இணைப்பிலிருந்து 3306 ஐத் தட்டிப் பாருங்கள், பதிலே வரக்கூடாது. உலாவியில் அமைவுக் கோப்பின் பெயரை அடித்தால் 404 அல்லது 403 வர வேண்டும். படக் கோப்புறையில் ஒரு வரிப் பிஎச்பி கோப்பை ஏற்றித் திறந்து பாருங்கள். அது ஓடினால் 4 ஆம் படிக்குத் திரும்பிப் போங்கள். பதிவுக் கோப்புகளில் நேரம் ஐந்தரை மணித்தியாலம் பின்னால் தெரிந்தால் பதற வேண்டாம். சேவையகம் உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது.

10. ஆள் மாறும்போது

சங்கத்தில் ஒருவர் விலகினால், அன்றைக்கே அவருடைய எஸ்எஸ்எச் சாவியைப் பட்டியலிலிருந்து நீக்கி, தரவுத்தளக் கணக்கைப் பூட்டுங்கள். மைஎஸ்கியூஎல்லில் கணக்கை அழிக்காமல் பூட்டி வைக்கலாம். அவர் உருவாக்கிய வியூக்கள் அவர் கணக்கின் உரிமையோடு ஓடுவதால், கணக்கையே அழித்தால் பொருளாளரின் அறிக்கை மறுநாள் திறக்காது. வியூக்களை வேறொரு கணக்கின் பெயருக்கு மாற்றிய பின்பே அழியுங்கள்.

ரூட் கடவுச்சொல்லை ஓர் உறையில் இட்டு, ஒட்டுப் பகுதிக்கு மேலால் தலைவரும் செயலாளரும் ஒப்பமிட்டு, சங்கத்தின் இரும்புப் பெட்டிக்குள் வைத்திருக்கிறோம். உறை திறக்கப்பட்டால் கடவுச்சொல்லை மாற்றிப் புதிய உறை வைக்க வேண்டும், கொப்பியில் திகதி போட வேண்டும். எங்கள் கொப்பியில் இதுவரை அப்படி இரண்டு திகதிகள் இருக்கின்றன. இரண்டும் நான் சாவியைத் தொலைத்த நாட்கள்.